விளையாட்டுக் கேள்வி–பதில்: இடித்து எடுத்த ஓட்டம் செல்லுமா?

கேள்வி: பழைய அமெரிக்க பேஸ்போல் காணொளிகளில், ஓடி வருபவர் ஹோம் பிளேட்டில் (ஓட்டத்தை முடிக்கத் தொட வேண்டிய தட்டு) நிற்கும் கெட்சரை (அங்கே பந்தைப் பிடிப்பவர்) தோளால் இடித்து விழுத்துகிறார். இப்போது அப்படி இடித்தால் ஆட்டமிழப்பாம். விதியைப் போட்டு விறுவிறுப்பைக் கெடுத்துவிட்டார்கள் அல்லவா? – மாணவர், கல்முனை

பதில்: கெடுக்கவில்லை. 2011 மே 25 அன்று சான் பிரான்சிஸ்கோ அணியின் கெட்சர் பஸ்டர் போசி மீது புளோரிடா அணியின் ஸ்கொட் கசின்ஸ் மோதினார். போசியின் கீழ்க்கால் எலும்பு முறிந்து, கணுக்கால் தசைநார்களும் கிழிந்தன. அந்தப் பருவம் அவருக்கு அத்தோடு முடிந்தது. எறிந்த பந்து அப்போது அவர் கையில் நிற்கவில்லை. கசின்ஸ் மீறிய விதி என்று ஒன்றும் அன்று கிடையாது. இடித்தால் பந்து நழுவும், ஓட்டம் கிடைக்கும் என்று விதியே வழி விட்டிருந்தது.

2014இல் வந்த விதி இரண்டு பேரையும் கட்டுப்படுத்துகிறது. ஓடுபவர் பிளேட்டுக்கான நேர்வழியை விட்டு விலகி கெட்சரை நோக்கிப் போகக் கூடாது. போய் மோதினால், பந்து கீழே விழுந்தாலும் அவர் ஆட்டமிழப்பார். கெட்சர் பந்து கையில் இல்லாமல் வழியை மறிக்கக் கூடாது. மறித்தால் ஓடியவருக்கு ஓட்டம். எறிந்த பந்தைப் பிடிப்பதற்காக வழிக்குள் வந்தே ஆக வேண்டியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

நடுவர் பார்ப்பது தோள் தாழ்ந்ததா, கையாலோ முழங்கையாலோ தள்ளினாரா என்பதை. காலை நீட்டிச் சறுக்குபவரானால், கெட்சரைத் தொடுமுன் அவருடைய பிட்டமும் கால்களும் தரையில் பட்டிருக்க வேண்டும். தலை முன்னே சறுக்குபவரானால் உடம்பு பட்டிருக்க வேண்டும். முதலாம் ஆண்டில் குழப்பம் வரத்தான் செய்தது. பந்து வெகு முன்னதாகவே வந்து சேர்ந்திருந்தும், கெட்சர் நின்ற இடம் பிழை என்று ஓட்டம் கொடுத்த தீர்ப்புகள் வந்தன. ஓடியவருக்கு உண்மையில் தடை ஏற்படாவிட்டால் தண்டிக்க வேண்டாம் என்று அதே ஆண்டு செப்டெம்பரில் விளக்கம் அனுப்பி அதைச் சரிசெய்தார்கள்.

போசி 2012இல் திரும்பி வந்து தேசிய லீக்கின் மிகப் பெறுமதியான வீரரானார். அப்படிப்பட்ட ஒருவர் துடுப்பெடுத்தாடுவதைப் பார்ப்பதுதான் விறுவிறுப்பு. அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போவதைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

கேள்வி: இரண்டாம் பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய இரண்டாவது நிலை) சறுக்குவதற்கும் தனி விதி உண்டா? – உடற்கல்வி ஆசிரியர், அக்கரைப்பற்று

பதில்: உண்டு. 2015 ஒக்டோபர் 10 அன்று லொஸ் ஏஞ்சல்ஸின் சேஸ் அட்லி சறுக்கியதில் நியூயோர்க் மெட்ஸின் ரூபன் தெஹாதாவின் கால் எலும்பு முறிந்தது. 2016இலிருந்து முறையான சறுக்கலுக்கு நான்கு நிபந்தனைகள்: பேஸை அடையுமுன் உடல் தரையில் பட வேண்டும், கையாலோ காலாலோ பேஸைத் தொட முயல வேண்டும், சறுக்கி முடித்து பேஸிலேயே நிற்க முயல வேண்டும், மோதுவதற்காகப் பாதையை மாற்றக் கூடாது. இதைவிட முக்கியம் தண்டனைதான். ஓடியவரோடு பந்தை அடித்தவரும் ஆட்டமிழக்கிறார். இரண்டாம் பேஸில் காப்பவர் முதலாம் பேஸுக்கு எறிந்து எடுக்கும் அந்த இரண்டாவது ஆட்டமிழப்பைத் தடுக்கத்தானே முன்பு மோதினார்கள்? இப்போது மோதினால் அதுவே கையில் கிடைக்கிறது. மாணவர்களுக்கு விதி எழுதும்போது இதை மனதில் வையுங்கள். காயப்படுத்துவதில் இலாபம் இருக்கும்வரை எச்சரிக்கை மட்டும் போதாது.

கேள்வி: பேஸ்போல் ஹெல்மட் ஒன்று கிடைத்திருக்கிறது. கடினப் பந்து கிரிக்கெட்டுக்குப் போடலாமா? – கழகச் செயலாளர், களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டவே வேண்டாம். அதில் முகத்துக்குக் கம்பி வலை இல்லை. கிரிக்கெட் பந்து தரையில் குத்தி எழும்பி முகத்துக்கு வரும். எடையும் கூட: பேஸ்போல் 142–149 கிராம், கிரிக்கெட் பந்து 156–163 கிராம்.

கிரிக்கெட் ஹெல்மட் வாங்கும்போது நீங்கள் விளையாடும் அளவுப் பந்தையே கையில் கொண்டுபோங்கள். மேல்விளிம்புக்கும் வலைக்கும் இடையில் வைத்து அழுத்துங்கள். உள்ளே நுழைந்தால் அந்த ஹெல்மட் வேண்டாம், அல்லது வலையை இறக்கிப் பூட்டுங்கள். பட்டியைக் கட்டிவிட்டுத் தலையை ஆட்டினால் அது தனியாக நகரக் கூடாது. ஹெல்மட் ஓட்டின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், அதிலுள்ள கரைப்பான் ஓட்டைப் பலவீனமாக்கும். பலமான அடி ஒன்று வாங்கியதை, வெடிப்பு தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

அமெரிக்காவிலும் ஹெல்மட் அணியும் வழக்கம் சுலபமாக வரவில்லை. 1920 ஓகஸ்ட் 16 அன்று கார்ல் மேய்ஸ் வீசிய பந்து தலையில் பட்டு, கிளீவ்லாண்ட் வீரர் ரே செப்மன் மறுநாள் இறந்தார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அழுக்கேறிய பந்தை மாற்றும் வழக்கம் அதன்பிறகு இறுகியது. ஹெல்மட் கட்டாயமானதோ 1971இல். அப்போதும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கடைசியாக ஹெல்மட் இல்லாமல் துடுப்பெடுத்தாடிய பொப் மொண்ட்கொமரி 1979 வரை ஆடினார். மணிக்கு 145 கிலோமீற்றர் வேகப் பந்து 0.4 செக்கன் அளவில் வந்துவிடும். விலகிக்கொள்ளலாம் என்று நம்பி நிற்பது மடமை.

கேள்வி: பந்து வீசக் கடிகாரம் வைத்ததால் வீச்சாளர்களின் முழங்கை கெடுகிறது என்கிறார்கள். உண்மையா? – பயிற்றுவிப்பாளர், மட்டக்களப்பு

பதில்: 2023இல், பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 செக்கனுக்குள், இருந்தால் 20 செக்கனுக்குள் அடுத்த பந்தை வீசத் தொடங்க வேண்டும் என்று வைத்தார்கள், 2024இல் 20ஐ 18 ஆக்கினார்கள். ஓய்வு குறைகிறது என்று வீரர் சங்கம் எதிர்த்தது. அமெரிக்க பேஸ்போல் லீக் 2024 டிசெம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கையோ, ஒவ்வொரு பந்தையும் உச்ச வேகத்தில் வீசும் பழக்கத்தைத்தான் முதல் காரணமாகக் காட்டியது. வேகத்துக்குத்தான் ஒப்பந்தப் பணம் கொட்டுகிறது, ஆகவே அது இலகுவில் நிற்காது. ஆனாலும் களைத்த கைக்கு ஓய்வைக் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களுக்கு உதவக்கூடியது அங்கே சிறுவர்களுக்கு வைத்திருக்கும் அளவு: 11–12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து, 13–14க்கு 95. அந்த வயதினர் 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு. கிரிக்கெட்டுக்கு இதே எண் பொருந்தாது. ஆனால் வலைப் பயிற்சிப் பந்துகளையும் சேர்த்துக் கொப்பியில் எண்ணி எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம்.

கேள்வி: எங்கள் எல்லே சுற்றுப்போட்டிக்கு இதிலிருந்து எதை எடுக்கலாம்? – விளையாட்டுக் கழகம், வாழைச்சேனை

பதில்: எல்லேயில் ஓடுபவரைப் பந்தால் எறிந்து ஆட்டமிழக்கச் செய்கிறோம். தலையிலோ கழுத்திலோ பட்ட எறி கணக்கில் வராது என்று உங்கள் போட்டி விதியில் ஒரு வரி சேருங்கள். எறிபவர்கள் தாமாகவே தாழ்த்தி எறிவார்கள். மூங்கில் தடியை ஒவ்வொரு இன்னிங்ஸுக்கு முன்னும் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் கீறல் விட்டிருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் ஒதுக்கிவிடுங்கள். அடித்தவர் தடியை வீசாமல் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும். வீசினால் அந்த ஓட்டம் செல்லாது என்று வையுங்கள். எல்லையைக் காட்ட முளைக்கம்பு நடாதீர்கள், தட்டையான ரப்பர் விரிப்புப் போதும். அமெரிக்காவில் 2023இல் பேஸின் பக்கத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கியதற்கு ஒரு காரணம், ஓடுபவரும் காப்பவரும் கால் மிதிபடாமல் நிற்க இடம் கிடைக்கட்டும் என்பதுதான்.

பார்வையாளர்களையும் மறக்க வேண்டாம். அங்கே 2020 பருவத்துக்குள் 30 அணிகளும் பாதுகாப்பு வலையை நீட்டிவிட்டன. வெபர் மைதானமோ கிராமத்துத் திடலோ, துடுப்பாட்டக்காரருக்குப் பின்னாலும் இரு பக்கத்திலும் கயிறு கட்டிச் சிறுவர்களை அப்பால் நிறுத்துங்கள்.

தலையில் அடிபட்டவரை அன்று மறுபடி இறக்காதீர்கள். வாந்தி, கூடிவரும் தலையிடி, தூக்க மயக்கம் இருந்தால் 1990ஐ அழையுங்கள். நெஞ்சில் பந்து பட்டு விழுந்தவர் அசையாமல், சரியாக மூச்செடுக்காமல் கிடந்தால், 1990ஐ அழைக்க ஒருவரை விட்டுவிட்டு, நீங்கள் நெஞ்சின் நடுவில் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100–120 தடவை அழுத்தத் தொடங்குங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். கை களைத்தால் இன்னொருவர் உடனே மாற வேண்டும்.