சந்திரோபாலம்பனம் என்றால் என்ன? அந்தச் சொல் எப்படி வந்தது?

மிரட்டுகிற சொல்தான். பிரித்துவிட்டால் பாதி மிரட்டல் போய்விடும்: சந்திர + உபாலம்பனம். வடமொழியில் உபாலம்பம் என்றால் குறை சொல்வது, ஏசுவது. காதல் நோயில் தூக்கம் வராமல் கிடப்பவர் நிலவை ஏசுவதற்குத்தான் இந்தப் பெயர். தமிழில் நிலவைப் பழித்தல் என்பார்கள். பழைய வழக்கம் இது. காளிதாசனின் துஷ்யந்தனே, பனி நிறைந்த கதிர்களால் நிலவு நெருப்பைக் கொட்டுகிறது என்று புலம்புகிறான்.

எனக்குப் பிடித்த இடம் 18ஆம் நூற்றாண்டுத் திருக்குற்றாலக் குறவஞ்சியில் இருக்கிறது. பவனி வந்த குற்றாலநாதரைக் கண்டு மயங்கிய வசந்தவல்லி நிலவிடம் கேட்கிறாள்:

பெண்ணுடன் பிறந்ததுண்டே வெண்ணிலாவே – என்றன்
பெண்மைகண்டும் காயலாமோ வெண்ணிலாவே

பாற்கடலில் திருமகளோடு பிறந்தாயே, ஒரு பெண்ணை இப்படிப் படுத்தலாமா என்கிறாள். சாமர்த்தியமெல்லாம் 'காயலாமோ'வில் இருக்கிறது. நிலா காயும், வெயில் காயும், காய்ச்சல்காரர் உடம்பும் காயும். அவ்வளவு நீள வடமொழிப் பெயர் சொல்ல வந்ததை நம்முடைய ஒரு வினைச்சொல் சொல்லிவிடுகிறது.

குளிர்ந்த நிலவு எப்படிச் சுடும் என்று கீழே சமவெளியில் இருப்பவர்கள் கேட்கலாம். ஊட்டிப் பக்கம் எங்களுக்கு அந்தச் சந்தேகமே வராது. டிசம்பர், ஜனவரியில் பளிச்சென்று நிலா காய்கிற ராத்திரி என்றால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். மேகம் இருந்தால் தரையின் சூடு கொஞ்சம் தங்கும். வானம் வெறிச்சென்று கிடந்தால் சூடெல்லாம் மேலே போய், விடிகாலையில் உறைபனி விழும். செடிகள் மேல் தழை போட்டு மூடாமல் விட்டால் தேயிலைக் கொழுந்து தீயில் வாட்டியது போலக் கருகிவிடும். குற்றம் நிலவுடையது இல்லை, மேகம் இல்லாததுதான். அது தெரிந்தும் அம்மா வாசலில் நின்று திட்டுவது நிலவைத்தான்.

அப்புறம், தமிழ்ச் சொல்லாகவே வேண்டும் என்றால் பசலை இருக்கிறது. பிரிவில் பெண்ணின் மேனியில் படரும் வெளிறிய நிறம். பச்சை, பசும்பொன் எல்லாம் இதற்கு உறவு. புறநானூறு 392இல் ஔவையார் அதையே தூக்கி நிலவுக்குக் கொடுத்திருக்கிறார்: 'பசலை நிலவின் பனிபடு விடியல்'. அதியர் கோமான் எழினியின் வாசலில் நின்று கிணை என்ற பறையைக் கொட்டிப் பாடும் பாட்டு, காதலே கிடையாது. ஆனால் ஜனவரியில் ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தா புல்வெளியில் சூரியன் வருமுன் போய் நின்றால், அது என்ன நிறம் என்று தெரியும்.