சமூகவியல்தான் வேண்டுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இளங்கலையில் பொருளாதாரம் படித்தேன். மேற்படிப்புக்குச் சமூகவியல் எடுக்க நினைக்கிறேன். நண்பர்கள் மானுடவியல், அரசியல் அறிவியல், சமூகப்பணி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வேலையின்மை பற்றி ஆராய ஆசை. அதை எந்தத் துறையிலும் செய்யலாமே, எப்படி முடிவெடுப்பது?

ர.

அன்புள்ள ர.,

எந்தத் துறையிலும் செய்யலாம் என்பதால்தான் தலைப்பை வைத்து முடிவெடுக்க முடியாது. எந்த மாதிரி பதில் கிடைத்தால் உங்களுக்குத் திருப்தி வருகிறது என்று பாருங்கள்.

சமூகவியலாளர் டேவா பேஜர், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சமமான தகுதி காட்டும் இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பினார். சிலர் சிறை சென்றவர்களாக நடித்தார்கள். 2003-ல் வந்த முடிவு இது: சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையர்களின் விண்ணப்பங்களில் 17 சதவீதத்துக்கு அழைப்பு வந்தது, குற்றப் பின்னணியே இல்லாத கறுப்பினத்தவருக்கு 14 சதவீதம்தான். பொருளாதார நிபுணர்கள் மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் கற்பனை விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். அந்தக் கட்டுரை 2004-ல் வந்தது. கறுப்பினத்தவர் பெயர்களைவிட வெள்ளையர் பெயர்களுக்குச் சுமார் 50 சதவீதம் கூடுதல் அழைப்பு.

கிட்டத்தட்ட ஒரே உத்தி. ஆனால் பொருளாதாரக்காரர்களின் யோசனை முதலாளியின் முடிவைச் சுற்றுகிறது: அவர் ஒதுக்குவது வெறுப்பாலா, இனத்தை வைத்துத் தகுதியை ஊகிக்கும் கணக்காலா? பேஜர் சிறை என்ற அமைப்பையே பிடித்துக்கொள்கிறார். தண்டனை முடிந்த பிறகும் அது முத்திரை குத்தி, மனிதர்களை மேல், கீழ் என்று பிரித்துக்கொண்டே இருக்கிறது என்கிறார். இந்த இரண்டாவது கேள்விதான் உங்களைக் குடைகிறது என்றால் சமூகவியலுக்கே போங்கள்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. அரசியல் அறிவியல், வேலையில்லாதோருக்கான உதவித்தொகைச் சட்டம் யாருடைய அழுத்தத்தால் வந்தது என்று கேட்கும். மானுடவியலில் வேலையிழந்தவர்களோடு நெடுநாள் கூடவே இருக்கவேண்டும். அந்தப் பொறுமை எனக்கில்லை. சமூகப்பணியிலும் ஆய்வு உண்டு, ஆனால் அது முதலில் ஒரு தொழிற்பயிற்சி.

கணக்குக்குப் பயந்து பொருளாதாரத்தை விடுகிறீர்களா? நீங்கள் சொல்லவில்லை, நானாகக் கேட்கிறேன். அப்படியென்றால் ஏமாந்துபோவீர்கள். சமூகவியலில் நேர்காணலும் களப்பணியும் செய்ய வருகிறவர்களுக்கும் பெரும்பாலான இடங்களில் புள்ளியியல் பாடம் கட்டாயம்.

அப்புறம், விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் துறைகளில் அண்மையில் முடிந்த ஆய்வேடுகளின் முன்னுரைகளையாவது வாசியுங்கள். வழிகாட்டப்போகிறவர் யார் என்பது துறையின் பெயரைவிட முக்கியம். வேலைச்சந்தையை ஆராயும் ஒருவர்கூட இல்லாத சமூகவியல் துறையைவிட, அப்படி ஒருவர் இருக்கும் பொருளாதாரத் துறையே உங்களுக்கு நல்லது.