ஜப்பானிய அனிமேஷனில், அதாவது அனிமேயில், மறக்க முடியாத ஆண்டு எது? 2016 தானே?

கேள்வியிலேயே பதிலையும் வைத்துவிட்டுக் கேட்கிறீர்கள். உங்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நருட்டோ பார்த்திருப்பீர்கள். அப்புறம் விடுதியில் யாரோ லேப்டாப்பில் 'யுவர் நேம்' போட்டுக் காட்டியிருப்பார்கள், அன்றிலிருந்து 2016. தப்பே இல்லை. ஆகஸ்டில் 'யுவர் நேம்', செப்டம்பரில் 'எ சைலன்ட் வாய்ஸ்', நவம்பரில் 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்'. ஒரு மழைக்காலத்துக்குள் மூன்று படங்கள். அந்த வருடத்தைக் குறை சொன்னால் எனக்குத்தான் அடி விழும்.

ஆனாலும் என் பதில் 1988.

'அப்போது நீ எங்கே இருந்தாய்' என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது நாலு வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுத் திண்ணை வழியாக உள்ளே புகுந்து தூர்தர்ஷனில் ராமாயணம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பான் என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாது. எல்லாம் பிற்பாடு தேடித் தேடித் தெரிந்துகொண்டதுதான். தியாகராஜ பாகவதர் பாட்டைக் கேட்டு உருகுகிறவர்கள் எல்லாம் 1944-ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களா என்ன?

அந்த வருடத்தைக் கொஞ்சம் பாருங்கள். மார்ச்சில் ராட்சத ரோபோக்கள் சண்டைபோடும் 'குண்டம்' வரிசையில் 'சார்ஸ் கவுன்டர்அட்டாக்' படம். ஜூலை 16-ல் கட்சுஹிரோ ஓடோமோவின் 'அகிரா'. படத்தின் முதல் காட்சியில் தோக்கியோ வெடித்து அழிகிறதே, அந்தத் தேதியும் 1988 ஜூலை 16-தான். ரிலீஸ் நாளன்றே ஊரை அழித்துக் காட்டிய தைரியம்! அக்டோபரில் 'கன்பஸ்டர்', பின்னாளில் 'இவாஞ்சலியன்' எடுத்த ஹிதேயாகி அன்னோ முதன்முதலாக இயக்கியது. டிசம்பரில் 'லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்' தொடங்கி 1997 வரை 110 பகுதிகள் வந்தது. டிவியில்கூட இல்லை, சந்தா கட்டியவர்களுக்குத் தபாலில் வீடியோ கேசட்டாகப் போனது. ஜப்பானில் பணம் தண்ணீராக ஓடிய காலம், அதனால் இதெல்லாம் நடந்தது. ஜப்பானின் ஷோவா சக்கரவர்த்தி (ஹிரோஹிதோ) 1989 ஜனவரியில் இறந்துபோனார். அவர் ஆட்சியான ஷோவா காலத்தின் கடைசி முழு வருடமும் இதுதான்.

சரி, இதெல்லாம் யாரும் தேடி எடுத்து எழுதிவிடலாம். எனக்கு 1988 என்றால் ஏப்ரல் 16. அன்றைக்கு ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ', இசாவோ தகஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. ஒன்று, கிராமத்துக்குக் குடிவந்த இரண்டு சிறுமிகள் காட்டுப் பூதத்தோடு சிநேகமாகும் கதை. இன்னொன்று, 1945-ல் கோபே நகரத்தில் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகும் கதை. கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குப் பக்கத்திலேயே தெவசச் சாப்பாட்டையும் பரிமாறினால் எப்படி இருக்கும்?

இப்படிச் சேர்த்ததற்குக் காரணம் வியாபாரம்தான். பூதப் படத்துக்குப் பணம் போட யாரும் தயாராக இல்லை. தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி, தகஹாதா படத்தையும் சேர்த்து ஜோடியாகத் தரலாம் என்றார். பூதமே வேண்டாம் என்கிறோம், கூடவே கல்லறையையும் தூக்கிக்கொண்டு வருகிறாயா என்று மேலிடத்தில் கடிந்துகொண்டார்களாம். இது சுசுகியே சொன்ன கதை. கடைசியில் 'டோட்டோரோ'வை டோகுமா ஷோட்டன் நிறுவனமும், 'ஃபயர்ஃப்ளைஸ்' படத்தை அகியுகி நோசாகாவின் மூலக்கதையை வெளியிட்ட ஷின்சோஷா பதிப்பகமும் எடுத்தன. நோசாகா தன் வளர்ப்புத் தங்கையைப் போர்க்காலப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். தகஹாதாவுக்கும் அது கேள்விப்பட்ட கதை இல்லை. ஒன்பது வயதில் ஒகயாமா குண்டுவீச்சில் உயிர் தப்பியவர். ரிலீஸ் நாளில் அவர் படத்தில் சில காட்சிகளுக்கு வண்ணம் அடித்தே முடியவில்லை, வெறும் கோடுகளாகவே திரைக்குப் போயின. அன்னோவும் அதில் வேலை பார்த்தார். போர்க்கப்பல் ஒன்றை நுணுக்கி நுணுக்கி வரைந்து கொடுத்தாராம், படத்தில் அது கறுப்பு நிழலாகப் போய்விட்டது. யார் யார் எங்கே வேலை பார்த்திருக்கிறார்கள் பாருங்கள்.

எந்தப் படம் முதலில், எது இரண்டாவது என்பது தியேட்டருக்குத் தியேட்டர் மாறியது. 'டோட்டோரோ'வை முதலில் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்ததில் மாட்டிக்கொண்டவர்கள் பாவம் என்று எங்கோ படித்தேன். அதுதான் எனக்கு வினையாகப் போனது.

2012 மே மாதம். கும்பகோணத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், பிள்ளைகள் இரண்டையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பெரியவனுக்குப் பத்து வயது, குட்டிக்கு ஆறு. பென் டிரைவில் இரண்டு படமும் இருந்தது. (ஆமாம், திருட்டுப் பிரதிதான். 2012-ல் இந்தப் படங்களைக் காசு கொடுத்துப் பார்க்கக் கும்பகோணத்தில் என்ன வழி இருந்தது, சொல்லுங்கள்.) 1988 ஏப்ரலில் ஜப்பானில் நடந்ததை நம் வீட்டுக் கூடத்திலேயே நடத்திப் பார்த்தால் என்ன என்று ஒரு கிறுக்கு யோசனை. ஆய்வு மாதிரி. சிரிக்காதீர்கள்.

குட்டிக்கு ஆங்கில சப்டைட்டில் படிக்க வராது. நான்தான் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். 'டோட்டோரோ' அமர்க்களமாகப் போயிற்று. பூனைப் பஸ் வந்தபோது இரண்டும் கட்டிலில் ஏறிக் குதித்தன. படம் முடியவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. அந்த வருடம் சென்னை தவிர மற்ற ஊர்களில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மின்சாரம் வந்தால்தான் அதிசயம். புழுக்கத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, லேப்டாப் பேட்டரி இருக்கும்வரை ஓடட்டும் என்று இரண்டாவதைப் போட்டேன். சாதாரண நாளில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காத பேட்டரி, அன்றைக்குப் பார்த்து முழுப் படமும் தாங்கியது. என் தலையெழுத்து.

'ஃபயர்ஃப்ளைஸ்' தொடங்கும்போதே அந்தப் பையன் ரயில் நிலையத்தில் செத்துக் கிடக்கிறான். நான் அதை 'தூங்குகிறான்' என்று மொழிபெயர்த்தேன். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் பொய் சொன்னேன். அம்மாவுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், சரியாகிவிடும். பாப்பாவுக்கு வயிற்று வலி, ஓமத் தண்ணீர் கொடுத்தால் போய்விடும். குட்டி நம்பினாள். அந்த மிட்டாய் டப்பா காலியானதும் அண்ணன் அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தங்கைக்குக் கொடுப்பான், அதைப் பார்த்துக் கைதட்டினாள். 'டோட்டோரோ'வில் தங்கையாக வரும் மெய் என்ற சிறுமிக்கும் நாலு வயது, இந்த செட்சுகோவுக்கும் நாலு வயது. ஒரே குழந்தை இங்கே வந்துவிட்டது என்றே குட்டி நினைத்திருக்க வேண்டும். "பூனைப் பஸ் எப்ப மாமா வரும்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

கடைசியில் தர்ப்பூசணித் துண்டோடு அந்தப் பிள்ளை படுத்திருக்கும் இடம் வந்தது. என்னால் பொய்யும் சொல்ல முடியவில்லை, உண்மையும் சொல்ல முடியவில்லை, வாயை மூடிக்கொண்டேன். இருட்டில் பெரியவன்தான் எழுத்துக்கூட்டிப் படித்தான். "அவ அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்லன்னு போட்டிருக்கு மாமா."

குட்டி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கல்யாணத்திலிருந்து அவர்கள் திரும்பி வந்தபோது அவள் சமையலறையில் காலிப் பெருங்காய டப்பாவில் தண்ணீர் பிடித்து, மூடிக் குலுக்கி, அண்ணன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனும் முகத்தைச் சுளிக்காமல் குடித்துக்கொண்டிருந்தான். அக்கா என்ன கேட்டிருப்பாள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். "அறிவிருக்காடா உனக்கு? பொம்மைப் படம்னு சொல்லித்தானே போட்டே?" நான் பொம்மைப் படம் என்று சொல்லவே இல்லை, அது அவளாகச் சொன்னது. ஆனால் அன்றைக்கு வாதாடுகிற நிலைமையில் நான் இல்லை. ஒரு வாரம் வரை குட்டி தட்டில் கடைசி வாய் சோற்றை மிச்சம் வைத்து அண்ணன் பக்கம் தள்ளினாளாம்.

குழந்தைக்கு இந்தப் படத்தைப் போட்டவன் எல்லாம் பதில் எழுத வந்துவிட்டான் என்று கருத்துப் பகுதியில் யாராவது சொல்வீர்கள். சொல்லுங்கள். ஒரே ஒரு விஷயம், 1988-ல் ஜப்பானில் அம்மா அப்பாக்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இந்த ஜோடிக்குப் போனார்கள்.

அத்தான் விஷயம் வேறு. அவர் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. அந்த பென் டிரைவை மட்டும் 'கல்யாண வீடியோ ஏத்தணும்' என்று வாங்கிக்கொண்டு போனார். அதில் 'கேலக்டிக் ஹீரோஸ்' முதல் 38 பகுதிகள் இருந்தன. ராத்திரி ராத்திரியாக விழித்திருந்து, மெதுவான இணைப்பில் நாலு மாதம் இறக்கியவை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மூன்று மணி நேரத் தாலிகட்டு வீடியோவை ஏற்றினார். பெண் வீட்டுக்காரர்கள் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. பென் டிரைவும் திரும்பி வரவில்லை. இது நடந்து இத்தனை வருடமாகியும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் 'பிள்ளைகளை அழவைத்தவன்' என்று என்னைத்தான் அறிமுகப்படுத்துகிறார். அதே மனிதர் 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' அனிமே படம் தமிழ் டப்பிங்கில் வந்தபோது, மகனோடு முதல் நாளே போய் டிக்கெட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். தலைகள் உருளுகிற படம். அது பொம்மைப் படம் இல்லையாம், 'வேற லெவல்' படமாம். சரி விடுங்கள், கேள்வி இதைப் பற்றி இல்லை.

பெருங்காய டப்பாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் 1988 அக்டோபரில் டிவியில் வந்த 'அன்பன்மான்' என் கண்ணில் பட்டது. பன்னையே தலையாகக் கொண்ட ஒரு ஹீரோ. பசித்தவனைப் பார்த்தால் தன் முகத்தையே பிய்த்துக் கொடுத்துவிடுவான். தமிழில் எழுதினால் பெயரில் 'அன்பன்' இருக்கிறது, பொருத்தமாகத்தான் அமைந்தது. அவனைப் படைத்த தகாஷி யானாசே சீனப் போர்முனையில் சிப்பாயாக இருந்தவர், பசி என்றால் என்ன என்று தெரிந்தவர். ஏப்ரலில் ஒரு குழந்தைக்குச் சோறு கிடைக்காமல் போகிறது. அக்டோபரில் ஒருவன் 'இந்தா, என் தலையைச் சாப்பிடு' என்று வருகிறான். இரண்டையும் செய்தவர்கள் போரில் பசித்துக் கிடந்த தலைமுறை. கையில் காசு புரண்ட அந்த வருடத்தில்தான் அவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றியிருக்கிறது. 'அகிரா'வின் பைக்கையே பேசிக்கொண்டிருக்கிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. (பைக் பிரமாதம்தான், சண்டைக்கு வராதீர்கள்.)

ஜோடியாகப் பிறந்த அந்த இரண்டு படங்களும் நெட்ஃபிளிக்ஸில் நமக்கு ஒன்றாக வரவில்லை. இரண்டையும் எடுத்த ஜிப்லி ஸ்டுடியோவின் படங்கள் 2020 பிப்ரவரியில் அங்கே வரத் தொடங்கியபோது 'டோட்டோரோ' முதல் தவணையிலேயே வந்துவிட்டது. 'ஃபயர்ஃப்ளைஸ்' உரிமை ஷின்சோஷா கையில் இருந்ததால் அது மட்டும் வரவில்லை. 2024 செப்டம்பரில்தான் வந்தது.

வந்த அன்றைக்கு ராத்திரி குட்டியிடமிருந்து எனக்கு ஒரு செய்தி. குட்டி என்று நான்தான் சொல்கிறேன், கல்லூரி முதலாண்டு சேர்ந்து விடுதியில் இருக்கிறாள். "மாமா, வந்திருக்கு. இந்தத் தடவ நான் வரிசைய மாத்திப் போடப்போறேன்." அறைத்தோழிகள் நாலு பேரை உட்காரவைத்து முதலில் 'ஃபயர்ஃப்ளைஸ்', அழுது முடித்ததும் 'டோட்டோரோ'. நானும் இதைத்தான் செய்திருக்க வேண்டும், இனிப்போடு முடியும் என்று பதில் போட்டேன்.

மறுநாள் போன் பண்ணினாள். இனிப்பாக எல்லாம் முடியவில்லையாம். மெய் காணாமல் போய், குளத்தில் ஒரு சின்னச் செருப்பு மிதப்பதை ஊரார் எடுத்துக் காட்டும் இடத்தில் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாளாம். கதை முழுக்கத் தெரிந்தும் இவளுக்கே கை சில்லிட்டுப்போயிற்றாம். பூனைப் பஸ் வந்த பிறகும் யாரும் நம்பவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலில் அந்தச் சோளக்கதிரைப் பார்க்கும்வரை லைட் போட விடவில்லை என்றாள்.