பாட்டிக்கு வந்த புற்று பேத்திக்கும் வருமா?

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் மிஸ்ஸியாக (நர்ஸாக) வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பெற்றோர் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

மாமியாருக்கு மார்புப் புற்று. 14 வயது மகளுக்கு மார்பில் கட்டி தட்டுப்படுகிறது. தூக்கமே வரவில்லை மிஸ்ஸி.

தங்கச்சி, அந்த வயதில் மார்பில் வரும் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமா என்னும் சாதாரணக் கட்டிதான், புற்று இல்லை. மார்பு, நுரையீரல், குடல் என்று பெரியவர்களைப் பிடிக்கும் புற்றுகள் கார்சினோமா வகை. செல்களில் பிழை ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் கழித்து வருபவை. பிள்ளைகளுக்கு அவ்வளவு காலம் ஓடியிருக்காது. பெருங்குடல் புற்று, 10 லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவருக்கு வருவதே பெரிது. பிள்ளைகளுக்கு வருவது வேறு: ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரத்தப் புற்று, அடுத்து மூளைக் கட்டி, அப்புறம் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்று, சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி. ஆனாலும் கட்டியைக் காட்டிவிடுங்கள், அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள்.

கணவருக்கு 38 வயதில் குடல் புற்று. குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் (சின்னச் சதை வளர்ச்சி) என்றார்கள். மகனுக்கு 11 வயது.

உங்கள் கதை வேறு, கவனமாகப் படியுங்கள். இது பரம்பரையாக வரும் பாலிப் நோயாக இருக்கலாம். அப்படியென்றால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. 10, 12 வயதிலேயே ஸ்கோப் (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) தொடங்குவார்கள். கணவரின் ரிப்போர்ட்டோடு இந்த மாதமே போய் மரபணுச் சோதனை கேளுங்கள்.

அண்ணனுக்குக் கல்லீரல் புற்று. என் பிள்ளைகளுக்கு?

கல்லீரல் புற்றுக்கு ஒரு பெரிய காரணம் ஹெபடைடிஸ் பி கிருமி. பிள்ளைகளுக்கு அதற்கான தடுப்பூசி போட்டாயிற்றா? நம் நாட்டில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். தைவான் 1984இல் தொடங்கியது. அங்கே பிள்ளைகளின் கல்லீரல் புற்று நன்றாகவே குறைந்தது.

தாத்தாவுக்கு நுரையீரல்... அத்தைக்கு மார்பு... பெரியப்பாவுக்குத் தொண்டை... (இப்படிக் கேட்டவர்கள் நான்கு பேர்)

முதல் பதிலைப் படியுங்கள்.

என் ஆத்தா 90 வயது வரை வெற்றிலை பாக்கு போட்டார். ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

ஐயா, நான் வெற்றிலையைப் பற்றிப் பேசவே இல்லை. நீங்கள் எடுத்ததால் சொல்கிறேன். பாக்கு புற்றை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே சொல்லிவிட்டது. மலேசியாவில் வாய்ப்புற்று அதிகம் வருவது நம் இந்தியர்களுக்குத்தான். உங்கள் ஆத்தா தப்பித்தார். தப்பாதவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள். பேரன் 12 வயதில் பாக்கு மென்றால் அவனுக்கு இப்போது வராது, 45இல் வரலாம். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் புற்று அரிது என்று நான் சொல்வதும், பாக்கைத் தொடவிடாதீர்கள் என்று சொல்வதும் ஒரே கணக்குதான்.

13 வயதுப் பையன். கழுத்தில் ஒரு மாதமாகக் கட்டி. ஒரு பக்க மூக்கடைப்பு. பாட்டி எண்ணெய் போட்டு உருவி விடுகிறார்.

உருவுவதை இன்றோடு நிறுத்துங்கள். கழுத்துக் கட்டி பெரும்பாலும் சளி, சொறி, பல் சீழால் வருவது. ஆனால் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். மூக்குக்குப் பின்னால் வரும் புற்று நம் நாட்டில் இருக்கிறது, பதின்ம வயதையும் அது விட்டுவைப்பதில்லை. நாளைக் காலையே கிளினிக் போங்கள். காது அடைக்கிறதா, மூக்கில் ரத்தம் வந்ததா என்று பையனிடம் கேட்டு, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.