பாடத் தெரிந்தவருக்கு மதிப்பா, பார்க்க நன்றாக இருப்பவருக்கா?

கேள்வி: இன்றைய பாட்டு உலகில் தோற்றமும் விளம்பரமும் பின்னால் நிற்கும் பணமும்தானே ஒருவரைப் பிரபலமாக்குகின்றன? உண்மையான திறமைக்கு இடமே இல்லையா?

திருகோணமலையில் கோயில் திருவிழா, கல்யாணம், கடற்கரை விழா என்று மேடைகளுக்குச் சவுண்ட் போடுவது என் தொழில். பாடுகிறவரை சனம் முன்னால் நின்று பார்க்கும், நான் மிக்சரில் பார்ப்பேன். மைக் ஒரு சேனலில் வரும். லேப்டொப்பில் இருந்து ட்ராக், அதாவது முதலே பதிந்து வைத்த பாட்டு, இன்னொரு சேனலில் வரும். ட்ராக்கைக் கொஞ்சம் இறக்கினால் போதும், யார் பாடுகிறார், யார் வாயை மட்டும் அசைக்கிறார் என்று தெரிந்துவிடும். (இறக்க மாட்டேன். அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள்.)

தோற்றத்தின் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. ஒருவர் முகம், இன்னொருவர் குரல் என்பதிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். டி.எம்.சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் பாடினார், சிவாஜிக்கும் பாடினார். யாராவது ஏமாந்துபோனோம் என்று சண்டைக்கு வந்தார்களா? இலங்கை வானொலியில் பாடியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள். குரல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அதில் பொய் இல்லை.

பொய் எங்கே வருகிறது என்பதற்கு வெளிநாட்டில் நல்ல உதாரணம் இருக்கிறது. ஜெர்மன் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் உருவாக்கிய பொனி எம் குழுவை எங்கள் அப்பாக்கள் கசெட் தேயத் தேயக் கேட்டிருக்கிறார்கள். அதில் துள்ளித் துள்ளி ஆடுவாரே பொபி ஃபாரெல், இசைத்தட்டில் கேட்கும் அந்த ஆண் குரல் அவருடையது அல்ல, ஃபாரியனுடையது. ஆனால் லிஸ் மிச்செலும் மார்சியா பாரெட்டும் உண்மையாகவே பாடினார்கள். பின்னால் அதே ஃபாரியன் மில்லி வனில்லி என்று இரண்டு அழகான பெடியன்களைக் கொண்டுவந்தார். 1990 பெப்ரவரியில் சிறந்த புதிய கலைஞர்களுக்கான கிராமி விருதும் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த நவம்பரில், இருவரும் ஒரு வரிகூடப் பாடவில்லை என்று ஃபாரியனே ஒப்புக்கொள்ள, விருதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவமானம் முழுக்க ஆடிய பெடியன்களுக்கு. உண்மையில் பாடியவர்களின் பெயரை அன்றைக்கு யாரும் கேட்டிருக்கவில்லை. ஃபாரியன் அதற்குப் பிறகும் தயாரிப்பாளராகவே இருந்தார்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். இலங்கைப் பொப் பாடகர் ‘சுராங்கனி’ மனோகரனின் தாடி, உடுப்பு, மேடையில் அவர் போட்ட கூத்து எல்லாம் பாட்டோடு சேர்ந்ததுதான், அவற்றைக் கழித்துவிட்டு அவரை நினைக்க முடியாது. இன்னொரு பக்கம், எங்கள் ஊர்க்காரர் எம்.பி.பரமேஷின் ‘உனக்குத் தெரியுமா’ பாட்டை ஒரு தலைமுறை வானொலியில் கேட்டே மனப்பாடம் செய்தது. அவர் என்ன உடுப்புப் போட்டிருந்தார் என்று கேட்டால் எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்? ஆக, இரண்டு வழியும் அப்போதே இருந்தன.

இப்போது கெட்டுப்போயிருப்பது வேறு. திறமை பழுக்கிற இடம் குறைந்துவிட்டது.

முன்பு இந்த ஊரில் பாட்டுக் கோஷ்டியில் பாடுவது என்றால் லேசான வேலை இல்லை. பழைய சௌந்தரராஜன் பாட்டு, எஸ்.பி.பி., ஜானகி, நடுவில் ஒரு ஹிந்திப் பாட்டு, சிங்களச் சனமும் நிற்பதால் கட்டாயம் ஒரு பைலா என்கிற ஆட்டப் பாட்டு. சீட்டில் எழுதிப் பாட்டுக் கேட்பார்கள். தெரியாது என்றால் கூ அடிப்பார்கள். நடுச்சாமம் தாண்டி, தொண்டை கட்டிய பிறகும் நிற்க வேண்டும். காசு பெரிதாக வராது, ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு மேடை இருக்கும். குரல் அப்படித்தான் திருந்தியது.

இன்று கல்யாணத்துக்கு டிஜே. இரண்டு பொக்ஸ், ஒரு லேப்டொப், முடிந்தது. கீபோர்ட், ஒக்டபேட் (மின்சாரத் தாளக் கருவி), தபேலா, கிட்டார், இரண்டு பாடகர், வேன் வாடகை என்று கணக்குப் போட்டால் கோஷ்டிக்குக் கட்டாது, அதற்கு மணவீட்டாரைக் குறை சொல்லி என்ன பயன்? பெரிய விழாக்களில் அனுசரணையாளர் தருகிற காசில் பெரும்பகுதி போஸ்டரில் பெரிதாகப் போடக்கூடிய முகத்துக்குப் போய்விடும். அநேகமாக அது இந்தியாவில் இருந்து வருகிற முகம். ஊர்க் கோஷ்டிக்கு ‘நேரம் இருந்தால் ரெண்டு பாட்டுப் பாடுங்கோ’ என்கிற மரியாதைதான்.

அதனால் இளம் ஆட்களுக்கு மிஞ்சியது போன். உப்புவெளிப் பக்கம் ஒரு கடற்கரை நிகழ்ச்சியில், டிக்டொக்கில் நல்ல பெயர் எடுத்திருந்த ஒரு பெடியனைப் பாட விட்டார்கள். பல்லவி அருமை, குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இடையிசை முடிந்து சரணம் எடுக்க வேண்டிய இடத்தில் அப்படியே நின்றான். கீபோர்ட்காரர் கண்ணைக் காட்டிவிட்டு இடையிசையை இன்னொரு முறை சுற்றினார். அப்போதும் விட்டுவிட்டான். மூன்றாம் முறை எடுத்தான், எடுத்தது வேறு சுருதியில். இதில் அவன் தவறு என்ன இருக்கிறது? முப்பது விநாடிக்கு மேல் பாடச் சொல்லி அவனை யாரும் கேட்டதில்லை. போனில் சுருதி பிசகினால் செயலி சரிசெய்துவிடும், சரணத்துக்கு அங்கே வேலையே இல்லை. (சுருதி திருத்தும் ஓட்டோட்யூன் 1997இல் வந்தது. அதைச் செய்த ஆண்டி ஹில்டிபிராண்ட் அதற்கு முன் நிலத்தடியில் எண்ணெய் தேடும் அதிர்வலைக் கணக்குகள் பார்த்தவர். எண்ணெய்க்கு வைத்திருந்த கணக்கு எங்கள் பெடியன்களின் தொண்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.)

அந்தப் பெடியனுக்கு முகமும் இருக்கிறது, குரலும் இருக்கிறது, பாடிப் பாடிப் பிழைவிட்டுத் திருந்த மேடை இல்லை. அழகான முகம் ஒன்று வந்து அவன் இடத்தைப் பிடித்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

விழா நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒன்று கேட்கிறேன். விருந்தினர் மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு மணித்தியாலத்தை ஊர்க் கோஷ்டிக்கு விடுங்கள். ட்ராக் இல்லாமல், வாத்தியத்தோடு. போஸ்டரில் சின்ன எழுத்திலாவது பெயரைப் போடுங்கள். காசை அன்றிரவே கையில் கொடுங்கள். ‘நாளைக்கு வாங்கோ’ என்று இரண்டு முறை சொன்னால் ஒக்டபேட் அடிக்கிறவன் ஓட்டோ ஓடப் போய்விடுவான். அப்படிப் போன இரண்டு பேரை எனக்கே தெரியும், ஒருவன் ஒக்டபேட்டையும் விற்றுவிட்டான்.