ரேடியம் வைத்தியம்: கேளுங்கள், சொல்கிறேன்

செல்வி: ரேடியத்தை முதலில் மருந்தாக்கியது மேரி கியூரியா?

இல்லம்மா. ரேடியம் தானாகவே கதிர் வீசும் உலோகம்; அந்தக் கதிரால் புற்று மாதிரி நோயைச் சுட்டழிப்பதுதான் ரேடியம் வைத்தியம். ஆரம்பித்து வைத்தது ஒரு புண். கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி பெக்கெரல் 1901இல் கோட்டுப் பையில் ரேடியக் குழாய் வைத்திருந்த இடத்தில் தோல் வெந்துபோனது. மேரியின் கணவர் பியேர் கியூரி வேண்டுமென்றே ரேடியத்தைத் தன் கையில் 10 மணி நேரம் கட்டிப் பார்த்தார்; 52 நாள் கழித்தும் புண் முழுதாக மூடவில்லை. நல்ல தோலைத் தின்பது கெட்டதையும் தின்னுமே! பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் தான்லோ என்ற டாக்டர் அதே வருடம் தோல் காசநோய்க்கு ரேடியத்தை வைத்துப் பார்த்தார்.

பாலு: வண்டியில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரால் கேன்சர் வருமா?

அதில் ரேடியமே கிடையாது. லைட் பட்டால் திருப்பி அடிக்கும் தாள். பழைய கடிகார முள்ளில் பூசியதுதான் நிஜ ரேடியம், அதைத் திறக்காதீர்கள்.

நசீமா: ரேடியம் இருக்க, ஆஸ்பத்திரிகள் ரேடான் வாயுவுக்குப் போனது ஏன்?

நல்ல கேள்வி. 1921இல் அமெரிக்கப் பெண்கள் வசூல் செய்து மேரி கியூரிக்குக் கொடுத்த ஒரு கிராமின் விலை 1 லட்சம் டாலர். அதை நோயுள்ள இடத்தில் குத்திவைக்கும் ஊசியில் அடைத்து வார்டுக்கு அனுப்பினால் கட்டுத்துணியோடு குப்பைக்குப் போய்விடும். போயும் இருக்கிறது, கதிரைக் காட்டிக்கொடுக்கும் எலக்ட்ராஸ்கோப் கருவியைத் தூக்கிக்கொண்டு சாக்கடை, சாம்பல் என்று தேடியிருக்கிறார்கள். அதனால் பசுவைக் கட்டிவைத்துப் பாலை மட்டும் கறந்தார்கள். ரேடியக் கரைசல் பெட்டகத்திலேயே இருக்கும்; அதில் ஊறும், அதே மாதிரி கதிர் வீசும் ரேடான் வாயுவை பம்பு வைத்து உறிஞ்சி மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைப்பார்கள். 3.8 நாளில் பாதி வீரியம் போய்விடும். தொலைந்தாலும் சொத்து போகாது. கதிர் பட்டுப் பட்டு, கறந்தவரின் விரல்தான் பாழ்.

முருகேசன்: ரேடியத்தை எதற்கு நோயாளி உடம்பில் நாள் கணக்கில் வைத்தார்கள்? ஒரேயடியாகக் கொடுத்தால் சீக்கிரம் தீராதா?

தீராது. பாரிஸ் ரேடியம் நிலையத்தில் ரெகோ என்ற டாக்டர் ஆட்டுக்கிடாவின் விதையில் எக்ஸ்ரே பாய்ச்சினார். ஒரே தவணையில் மலடாக்கப் பார்த்தால் மேல்தோல் வெந்தது. பிரித்துக் கொடுத்தால் கிடா மலடானது, தோல் தப்பியது. கருப்பைவாய்ப் புற்றுக்கும் பாரிஸில் குறைந்த அளவை நாள் கணக்கில் வைத்தார்கள்.

முருகேசன்: ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஒரு தடவைக்கு அதிக ரேடியம் வைத்தார்களே, அவர்கள் முட்டாள்களா?

நான் அப்படிச் சொன்னேனா? ஒருநாள் பொழுது வைத்து எடுத்து, ஆறவிட்டு, மறுபடி வைத்தார்கள். அங்கேயும் இடைவெளி இருக்கிறதே ஐயா!

முருகேசன்: கிடாவும் மனுஷியும் ஒன்றா?

இல்லை. அதனால்தான் வைத்தியம் பெற்றவர்களில் எத்தனை பேர் உயிரோடு 5 வருடம் தாண்டினார்கள் என்று எண்ணினார்கள்.

கார்த்திக்: ஹெல்மெட்டில் ரேடியம் ஸ்டிக்கர்...

பாலுவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ராஜி: ரேடியம் தண்ணீர் குடித்தார்களாமே?

ஈபன் பையர்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் பாட்டில் பாட்டிலாகக் குடித்தார். தாடை எலும்பு அரித்து 1932இல் செத்தார்.

தாமஸ்: தாத்தாவின் வாட்ச் இப்போது இருட்டில் மின்னுவதில்லை. திறந்து துடைக்கலாமா?

கூடாது! செத்தது ஒளிரும் பூச்சுதான். ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருடம் ஆகும்.