கேள்வி: மைத்துனர் துபாயிலிருந்து டியோர் சொவாஜ் சென்ட் கொண்டுவந்து கொடுத்தார். மூடி லேசாக இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் வாசமும் போய்விடுகிறது. அசலா, போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழக்கரைக்காரனிடம் சென்ட் பற்றிக் கேட்டால் பதில் நீளத்தான் செய்யும். எங்கள் ஊரில் சபராளி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், ஒருவர் வந்து இறங்கினால், பெட்டியைத் திறக்கும் முன்பே தெருவுக்கு வாசம் தெரிந்துவிடும். என் வாப்பா கடைசிவரை அத்தர்தான். பஞ்சைச் சுருட்டி, ஒரு சொட்டில் தோய்த்து, காதுமடலுக்குள் செருகிக்கொண்டு ஜும்மாவுக்குக் கிளம்புவார். நான் துபாய் தேராவில் எட்டு ஆண்டுகள் சென்ட் கடையில் நின்றவன். அந்த வேலையில் சேர்வதற்குச் சில நாள் முன்புதான் போலி வாங்கி ஏமாந்தேன். அதுவும் இதே சொவாஜ்.

தெருவோரம் தோள்பையுடன் நின்ற ஒருவர் தமிழில் பேசினார். தமிழில் பேசினார் என்பதற்காகவே நம்பினேன். கடையில் சேர்ந்த பிறகு பெருமையாக எடுத்துக் காட்டினேன். முதலாளி ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்து, "இரண்டு மூடியையும் திறந்து மூடு" என்றார். கடைப் பாட்டிலின் மூடியில் காந்தம் உண்டு. கழுத்தருகே கொண்டுபோனதும் தானாக இழுத்துக்கொண்டு 'டக்' என்று உட்கார்ந்தது. என்னுடையதை அழுத்தித் திருகவேண்டியிருந்தது. அடுத்து, இரண்டையும் காற்றில் ஒருமுறை அடிக்கச் சொன்னார். அசல் பனிபோலப் பரவி இறங்கியது. என்னுடையது இரண்டு சொட்டாக விரலில் வழிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே குழாய் பால் நிறத்தில் தடித்து, அடியில் தட்டி மடங்கிக் கிடந்தது. கண்ணாடியின் அடிப்பாகம் ஒரு பக்கம் கனம், மறு பக்கம் மெலிவு. அதன் பிறகு முகர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

இப்போது போலிக்காரர்களும் காந்தம் வைக்கிறார்கள். ஆனாலும் அச்சடிப்பதைவிடப் பொருத்தமாகச் செய்வதற்குச் செலவு அதிகம். அதனால் நான் முதலில் பார்ப்பது மூடி, தெளிப்பான், கண்ணாடி. அட்டைப் பெட்டி எனக்கு அதற்குப் பிறகுதான்.

பெட்டியில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பெட்டியிலும் பாட்டிலின் அடியிலும் ஒரு சிறு தொகுதிக் குறியீடு (பேட்ச் எண்) இருக்கும். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் போலி என்று பலமாகச் சந்தேகிக்கலாம். ஒன்றாக இருந்தால் அசல் என்றும் எண்ணிவிடாதீர்கள். அசல் பாட்டிலின் குறியீட்டைப் பார்த்து ஆயிரம் பெட்டிகளில் அடித்துவிடலாம். அந்த எண்ணைப் போட்டால் தயாரித்த மாதத்தைச் சொல்லும் இணையதளங்கள், எண்ணைத்தான் படிக்கின்றன, உங்கள் பாட்டிலை அல்ல. பார்கோடு 3-இல் தொடங்கினால் பிரான்ஸ் சரக்கு என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். அந்த எண் காட்டுவது நிறுவனம் எந்த நாட்டு அமைப்பில் பதிவு செய்திருக்கிறது என்பதை மட்டுமே. அதையும் யாரும் அச்சடிக்கலாம்.

இந்தியக் கடையில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. முறைப்படி இறக்குமதியான சென்ட் பெட்டியில், இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை அடங்கிய ஒட்டுவில்லை இருக்கும். அது இல்லாமல் கடையில் விற்றால், யாரோ பெட்டியில் கொண்டுவந்த சரக்கு, இல்லையேல் போலி. உங்களுடையது மைத்துனர் கையோடு வந்தது என்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது.

இனி வாசம். மக்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், நானும் தடுமாறினேன். சொவாஜில் முதலில் எழுவது இத்தாலியின் கலாப்ரியா பெர்கமோட். எலுமிச்சை இனத்துப் புளிப்பு, கூடவே மிளகுக் காரம். அது சீக்கிரம் போய்விடும், அசலிலும் போகும். அடியில் நெடுநேரம் நிற்பது அம்ப்ராக்சன். ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் இலங்கைக்குக் கடத்தப் பார்த்த அம்பர்கிரீஸ் பிடிபட்டதாக அவ்வப்போது செய்தி படிக்கிறோமே, அந்தத் திமிங்கலச் சரக்கின் வாசத்தைச் செயற்கையாகத் தருவதுதான் இது. பெரும்பாலும் ஒரு செடியின் சாரத்திலிருந்து செய்கிறார்கள். இதற்காக யாரும் கடலுக்குப் போய் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நான் வாங்கிய போலியில் முதல் பத்து நிமிடம் ஏறக்குறைய அதே வாசம் இருந்தது. பிறகு சர்க்கரைப் பாகு கலந்த ஸ்பிரிட் வாடைதான் மிஞ்சியது.

இந்த அம்ப்ராக்சனுக்கு ஒரு குணம் உண்டு. அணிந்தவரின் மூக்கு அதற்கு விரைவில் பழகிவிடும். சிலருக்கு முதலிலிருந்தே சரியாகத் தெரியாது. என் மச்சான் ஒருமுறை கொண்டுவந்த பாட்டிலை, மதியத்துக்குள் வாசம் போய்விட்டது என்று சொல்லி, "யாரோ உங்களை ஏமாற்றிவிட்டார்கள் மச்சான்" என்று எல்லோர் முன்னும் பேசிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. மறுபேச்சில்லாமல் பர்ஸிலிருந்து விமான நிலையக் கடை ரசீதை எடுத்து வைத்தார். மறுநாள் ராத்தா (அக்கா) அலமாரியைத் திறந்து, "சட்டைக்கெல்லாம் சென்ட் அடித்து வைத்தது யார்?" என்று கேட்டார். அங்கே தொங்கியது நான் முந்தின நாள் போட்டிருந்த சட்டை.

ஆகவே தோலில் அடித்து நீங்களே முகர்ந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள். சித்திரை வெயிலில் நம் கடற்கரை வியர்வைக்கு எந்த சென்ட்டும் ஈடுகொடுக்காது. வெள்ளைக் கைக்குட்டையில் ஒருமுறை அடித்து வேறு அறையில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை வெளியிலிருந்து வரும் யாரையாவது முகரச் சொல்லுங்கள். அசல் உள்ள நண்பர் இருந்தால் இன்னொரு கைக்குட்டையில் அதையும் அடித்து ஒப்பிடலாம். ஆனால் வகை ஒன்றாக இருக்கவேண்டும். சொவாஜிலேயே 2015-இல் வந்தது ஓ டி டாய்லெட், 2018-இல் ஓ டி பர்ஃப்யூம், 2019-இல் பர்ஃப்யூம், 2021-இல் எலிக்சிர். பெயர் ஒன்று, வாசமும் நிற்கும் நேரமும் வேறு. இது தெரியாமல் அசலைப் போலி என்றவர்கள் உண்டு.

அர்மாஃப் போன்ற வளைகுடா நிறுவனங்கள் பிரபல சென்ட்டுகளை ஒத்த வாசத்தைத் தம் சொந்தப் பெயரில் விற்கின்றன. அவை போலி அல்ல. விலைக்கு நன்றாகவே இருக்கும்.

உங்கள் பாட்டிலுக்கு வருகிறேன். வாசம் இரண்டு மணி நேரத்தில் போவதை நான் பொருட்படுத்தமாட்டேன். மூடி லேசாக இருப்பதுதான் உறுத்துகிறது. காந்தம் இழுக்கிறதா, அடிக் குறியீடு பெட்டியோடு ஒத்துப்போகிறதா, தெளிப்பு பனியா சொட்டா என்று பாருங்கள். மைத்துனரிடம் "அசல்தானா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "எந்தக் கடையில் வாங்கினீர்கள், எனக்கு இன்னொன்று வேண்டும்" என்று கேளுங்கள். கடைப் பெயர் சட்டென்று வந்தால் நிம்மதி. "கடை இல்லை, ஒருவர் கையில் வாங்கினேன்" என்றால், அதைக் கழுத்தில் அடிக்காதீர்கள். உள்ளே என்ன ஊற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது, தோல் தடித்துப்போகலாம். என்னுடையது வெகுகாலம் செருப்பு அலமாரிக்குப் பயன்பட்டது.